கொலுசு எந்தப் பக்கம் சுற்றுகிறது?

நீங்கள் கணினியில் செய்த கொலுசு அனிமேஷன் ஆளுக்கொரு திசையில் சுற்றுவதாகத் தெரிகிறதே, தப்பு எங்கே என்று கேட்டிருந்தீர்கள். அனிமேஷனில் தப்பு எதுவும் இல்லை. கருப்பு நிழலுருவமாகச் சுற்றும் கொலுசு உங்களுக்கு வலமாகவும் சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரருக்கு இடமாகவும் தெரிகிறது என்றால், இரண்டு பேர் பார்ப்பதும் சரிதான்.

நிழலுருவத்தில் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்ற தகவலே கிடையாது. மூளை தானாக ஒன்றை ஊகித்துக்கொள்கிறது. பார்த்துக்கொண்டே இருந்தால் அது சட்டென்று மாறவும் செய்யும். 2003-இல் ஜப்பானிய வடிவமைப்பாளர் நொபுயூகி கயஹாரா உருவாக்கிய சுழலும் நடனப் பெண் படத்திலும் இதே கதைதான்.

பெரும்பாலும் அனிமேஷன் மென்பொருளில் உங்கள் கேமரா ஆர்த்தோகிராஃபிக்கில், அதாவது தூரத்துக்கேற்ப அளவு மாறாத பார்வையில், இருக்கும். அதில் கிட்டே வரும் சலங்கையும் தள்ளிப் போகும் சலங்கையும் ஒரே அளவு. கிட்டே இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் தெரியும் பெர்ஸ்பெக்டிவுக்கு மாற்றி, கேமராவை நெருக்கமாக வைத்து ஓடவிட்டுப் பாருங்கள். அப்புறம் கருப்பு நிறத்தை எடுத்துவிடுங்கள். முன்னால் வரும் சலங்கை பின்னால் இருப்பதை மறைத்தாலே சண்டை தீரும். கேமராவை மேலே தூக்குவது மட்டும் போதாது. மேலிருந்து பார்ப்பதாகத்தான் பலரும் எடுத்துக்கொள்வார்கள், ஆனால் கீழிருந்து பார்ப்பதாக நினைப்பவருக்கு எதிர்த்திசைதான் தெரியும்.

ஒன்று மட்டும்: வெள்ளிப் பளபளப்பை அளவோடு வையுங்கள். வழவழப்பான வட்ட வளையம் தன் அச்சில் சுற்றும்போது பளபளப்பு நின்ற இடத்திலேயே நிற்கும், சுற்றுவதே தெரியாது. செதுக்கு வேலை உள்ள டிசைன் என்றால் கவலையில்லை.