ஓட்ஸ் குக்கீ ஏன் தடித்துவிடுகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மெல்லியதாக, கடித்ததும் நொறுங்கும் ஓட்ஸ் குக்கீயை வீட்டில் செய்ய மூன்று முறை முயன்றேன். உடல்நலம் கருதிச் சீனிக்குப் பதிலாக நாட்டுச் சர்க்கரையும், மைதாவுக்குப் பதிலாகக் கோதுமை மாவும் சேர்த்தேன். வெண்ணெயைப் பாதியாகக் குறைத்தேன். ஒவ்வொரு முறையும் மெத்தென்ற தடித்த உருண்டைகளே கிடைத்தன. பிழை என் அடுப்பிலா, அளவிலா?

மா.,
நாகர்கோவில்

அன்புள்ள மா. அவர்களுக்கு,

அடுப்பைக் குறை சொல்வதற்கில்லை. நீங்கள் குறைத்தவையும் மாற்றியவையும்தான் அந்தக் குக்கீயை மெல்லியதாக்குபவை. சூடேறியதும் வெண்ணெய் உருகி, சீனி இளகி, மாவு இறுகுவதற்குள் கலவை தட்டில் பரவிவிட வேண்டும். வெண்ணெய் குறைந்து, நீரை உறிஞ்சும் தவிடுள்ள மாவும் சேர்ந்தால், அது வைத்த இடத்திலேயே நின்றுவிடும்.

சீனியை நாம் இனிப்புக்காக மட்டுமே சேர்ப்பதாக நினைக்கிறோம். ஈரம் வெளியேறிய பிறகு, ஆறும்போது, கடலை மிட்டாயின் பாகு இறுகுவதைப்போல அதுவும் இறுகுவதால்தான் குக்கீ நொறுங்குகிறது. நாட்டுச் சர்க்கரையோ ஈரத்தை விடாது; மழைக்காலத்தில் டப்பாவுக்குள்ளேயே அது கசிந்து கட்டியாவதைப் பார்த்திருப்பீர்கள். மணத்துக்காகச் சிறிதளவு சேர்க்கலாம், அவ்வளவுதான்.

நான் 100 கிராம் உப்பு வெண்ணெய்க் கட்டி ஒன்றைக் கணக்காக வைத்துக்கொள்வேன். அதற்கு 110 கிராம் சீனி, 20 கிராம் நாட்டுச் சர்க்கரை, அடித்த முட்டையில் பாதி, 70 கிராம் மைதா, 110 கிராம் அவல் போன்ற தட்டை ஓட்ஸ், கால் தேக்கரண்டி சமையல் சோடா, அதைவிடச் சற்றுக் கூடுதலாக பேக்கிங் பவுடர். சோடாவும் பவுடரும் சேர்ந்து கலவையை உப்பவைத்து, பின்பு அமிழச் செய்வதால் குக்கீ தட்டையாகிறது. நம் கடைச் சீனி பருமணியானது. மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விட்டால் போதும், மாவாக்கிவிட வேண்டாம். வெண்ணெயும் குளிர்ச்சி நீங்கி, விரல் பதியும் பதத்தில் இருக்க வேண்டும்; கலவையைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள்.

சிறு உருண்டைகளை நன்றாக இடைவெளி விட்டு வைத்து, உள்ளங்கையால் தட்டையாக அழுத்தி, 175 டிகிரி செல்சியஸில், ஒரு நேரத்தில் ஒரு தட்டாக, 13 முதல் 16 நிமிடம் வேகவிடுங்கள். ஓரம் நன்கு சிவந்து, நடுப்பகுதி தொட்டால் சற்றே அமுங்கும்போது எடுத்துவிட வேண்டும். பலரும் இந்த நிலையில்தான் ஏமாறுகிறார்கள்: வேகவில்லை என்று மேலும் விட்டுக் கருக்கிவிடுவார்கள், அல்லது சுடச்சுடக் கரண்டியால் பெயர்த்து உடைத்துவிடுவார்கள். தட்டிலேயே முழுதாக ஆறட்டும்.

உங்கள் ஊர்க் கடற்காற்றில் அவை ஒரே மாலையில் நமத்துவிடும் என்பதால், ஆறியவுடன் இறுக்கமான டப்பாவில் போடுங்கள். நமத்துப்போனாலும் 150 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்கி ஆறவிட்டால் மறுபடி நொறுங்கும். நான்காவது முயற்சியில் முதலில் ஒரே ஒரு குக்கீயை மட்டும் சுட்டுப் பாருங்கள்: மிகையாகப் பரவினால் மீதிக் கலவையில் ஒரு தேக்கரண்டி மைதா சேர்த்துக்கொள்ளலாம்.