புதையலைத் தவிர எது வேண்டுமானாலும் கேளுங்கள்

(இங்கிலாந்தின் தென்பகுதியில் ஓர் அகழாய்வு நிறுவனத்தில் களப்பணி பார்க்கும் தஞ்சாவூர்க்காரர், பிரிட்டனின் பழைய ஊர்களைத் தோண்டுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

இங்கிலாந்தில் வயலைத் தோண்டினாலே தங்கம் வருகிறதாமே மேடம்? உங்களுக்கு இதுவரை எவ்வளவு தேறியது?
– ஆர்.கே., திருப்பூர்

தலைப்பைப் பார்த்த பிறகும் முதல் கேள்வி இதுதான்! எனக்குத் தேறியது மாதச் சம்பளம். அகழாய்வு வேலையில் இருப்பவர் கையில் புதையலே சிக்கினாலும் பரிசுத்தொகையில் பங்கு கிடையாது.

ஆனால் நீங்கள் கேட்பதில் பொய்யில்லை. 1992 நவம்பரில் சஃபோக் மாவட்டத்தின் ஹாக்ஸ்ன் ஊரில் ஒரு விவசாயி வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். மெட்டல் டிடெக்டர் வைத்திருந்த நண்பர் எரிக் லாஸ் தேடிக் கொடுக்கப் போனார். கிடைத்தது, ரோமானியர் காலத்தின் கடைசியில் புதைத்த சுமார் 15,000 நாணயங்களும் தங்க நகைகளும் வெள்ளிப் பாத்திரங்களும். லாஸ் செய்த நல்ல காரியம், எல்லாவற்றையும் வாரி எடுக்காமல் நிறுத்திக்கொண்டு தகவல் சொன்னது. அதனால் தொல்லியலாளர்கள் வந்து, எது எதன் மேல் இருந்தது, மக்கிப்போன பெட்டியின் கீல் எங்கே கிடந்தது என்று பார்த்துப் பார்த்து எடுக்க முடிந்தது. சுத்தியலும் கிடைத்தது. அதுவும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கே போய்விட்டது!

இப்போது 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இருக்கிறது. நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் தேடக்கூடாது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் தனி அனுமதியின்றி மெட்டல் டிடெக்டரைப் பயன்படுத்தினாலே குற்றம். புதையல் என்று தோன்றினால் 14 நாட்களுக்குள் கொரோனருக்குச் சொல்ல வேண்டும். சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதே அதிகாரிதான். நம் ஊரில் 1878-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் இருக்கிறது. அதன்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டரிடம் சொல்ல வேண்டும். பத்து ரூபாய்க்கு இன்று ஒரு டீ கிடைத்தால் பெரிது.

கீழடிப் படங்களில் வரிசையாகச் சதுரக் குழிகள், நடுவில் மண் சுவர்கள். பிரிட்டன் படங்களில் மைதானம் முழுவதையும் சுரண்டிப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் முறையில்லாமல் தோண்டுகிறார்களா?
– கல்லூரி மாணவி, கும்பகோணம்

நல்ல கண் உங்களுக்கு. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சதுரக் குழி இங்கிருந்துதான் நம் ஊருக்கு வந்தது. மார்ட்டிமர் வீலர் 1930-களில் வெருலேமியம் ரோமானிய நகரத்திலும், பிறகு மெய்டன் காசில் குன்றுக்கோட்டையிலும் மனைவி டெஸ்ஸாவோடு சேர்ந்து தோண்டியவர். 1944-இல் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைமை இயக்குநராக வந்தார். அடுத்த ஆண்டே அரிக்கமேட்டில் குழி போட்டார். இடத்தைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டங்களுக்கு நடுவே மண்ணைச் சுவராக விட்டுவைப்பது அவர் வழி. அந்தச் சுவரின் முகத்தில் மண்ணடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். எது முந்தியது, எது பிந்தியது என்று வாசிக்கலாம். அவரிடம் பயின்றவர்கள் அதை நாடெங்கும் கொண்டுபோனார்கள்.

அப்புறம் பிரிட்டன் ஏன் அதை விட்டது? செங்கல் சுவரும் உறைகிணறும் இருக்கும் இடத்தில் கட்டம் நன்றாகவே வேலை செய்யும். இங்கே பழைய வீடுகளில் பெரும்பாலானவை மரம். மரம் மக்கிவிடும். கம்பம் நட்ட குழி மட்டும் தரையில் கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ ஒரு வட்டக் கறையாக நிற்கும். ஒரு கட்டத்தில் மூன்று வட்டம் தெரிகிறது, மீதி நீங்கள் விட்டுவைத்த மண் சுவருக்கு அடியில் ஒளிந்திருக்கிறது என்றால், அது வீடா வேலியா ஆட்டுப்பட்டியா என்று எப்படிச் சொல்வீர்கள்? முழு இடத்தையும் ஒரே வீச்சில் திறந்தால்தான் வரிசை தெரியும்.

இங்கே இந்த வழியைக் காட்டியதில் யார்க்‌ஷயரில் உள்ள வாரம் பெர்சி என்ற கைவிடப்பட்ட கிராமத்துக்குப் பெரிய பங்கு. மாரிஸ் பெரெஸ்ஃபோர்ட், ஜான் ஹர்ஸ்ட் என்ற இருவர் 1950-களின் தொடக்கத்திலிருந்து 1990 வரை கோடைக்குக் கோடை அங்கே தோண்டினார்கள். பெரெஸ்ஃபோர்ட் தொல்லியல் படித்தவரே இல்லை, பொருளாதார வரலாற்றாசிரியர். டென்மார்க்கில் ஸ்டீன்ஸ்பெர்க் என்பவர் செய்துவந்ததைப் பார்த்து, புல்லை உரித்து, வீடு முழுவதையும் திறந்து, ஒவ்வொரு கல்லையும் வரைந்தார்கள். அதில் ஒரு பாடமும் இருக்கிறது. சுவர்கள் சரிந்தும் மாற்றிக் கட்டியும் கிடந்ததால், குடியானவர்கள் தலைமுறைக்கு ஒரு முறை வீட்டை இடித்துக் கட்டினார்கள், அவ்வளவு நோஞ்சான் வீடுகள் என்றுதான் முதலில் எழுதினார்கள். பிறகு ஸ்டூவர்ட் ராத்மெல் அதே வரைபடங்களை எடுத்துப் பார்த்துவிட்டு வேறு கணக்குச் சொன்னார்: கூரையைத் தாங்கியது சுவரல்ல, வளைந்த பெரிய மரச்சட்டங்கள். சுவர் விழுந்தால் திரும்ப அடைத்துக்கொள்ளலாம், வீடு அப்படியே நிற்கும். ஏழை என்றால் வீடும் ஓட்டையாகத்தான் இருக்கும் என்ற நினைப்புக்கு ஒரு கொட்டு. தோண்டியவர்கள் கல் கல்லாக வரைந்து வைத்திருக்காவிட்டால் இந்தத் திருத்தமே நடந்திருக்காது.

மண் சுவர் இல்லாமல் முந்தியது பிந்தியதை எப்படிக் கணக்கு வைப்பது என்று கேட்பீர்கள். ஒவ்வொரு குழிக்கும், குழியை நிரப்பிய ஒவ்வொரு மண்ணுக்கும் தனி எண் உண்டு. எது எதை வெட்டுகிறது என்று எழுதி, கொடிவழிப் பட்டியல் மாதிரி ஒரு கட்டப்படம் போடுவோம். எட்வர்ட் ஹாரிஸ் 1973-இல் உருவாக்கியது. எங்கள் களத்தில் புதிதாக வருகிறவர்களை அழவைப்பது குளிர் அல்ல, இந்தப் படம்தான்.

அந்த வாரம் பெர்சி ஊர் பிளேக் நோயால் அழிந்ததுதானே?
– எஸ்.எம்., நாகர்கோவில்

அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். 1348–49 கொள்ளைநோயில் பலர் செத்தார்கள், ஆனால் ஊர் அதற்குப் பிறகும் நூறாண்டுக்கு மேல் இருந்தது. முடித்துவைத்தது ஆடு. கம்பளிக்கு நல்ல விலை. உழவுக்குப் பத்துக் குடும்பம் வேண்டும், மேய்ச்சலுக்கு ஒரு இடையன் போதும். 1500-ஐ ஒட்டி, மிச்சமிருந்த கடைசிக் குடும்பங்களையும் நிலப்பிரபு வெளியேற்றினார். இங்கிலாந்தில் இப்படி ஆளில்லாமல் போன இடைக்கால ஊர்கள் சுமார் 3,000 தெரியவந்திருக்கின்றன.

ஊரின் ஏற்ற இறக்கத்தை அங்கே தேவாலயச் சுவரிலேயே பார்க்கலாம். ஆள் பெருகியபோது பக்கவாட்டில் கூடம் சேர்த்தார்கள். ஆள் குறைந்தபோது அதை இடித்துவிட்டு வளைவுகளைக் கல் வைத்து அடைத்தார்கள். அடைத்த வளைவுகள் இன்றும் நிற்கின்றன. போகிறவர்கள் கட்டாயம் அதைப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் கிடைத்த எலும்புகளில், 11 முதல் 14-ஆம் நூற்றாண்டு வரையிலான குறைந்தது பத்துப் பேரின் எலும்புகளில், செத்த பிறகு கத்தியால் வெட்டிய தடமும் தீயில் சுட்ட தடமும் இருந்தன. 2017-இல் வெளியான ஆய்வு, செத்தவர் எழுந்து நடக்காமல் இருக்க இப்படிச் செய்திருக்கலாம் என்றது. நரமாமிசம் தின்றார்களா என்பதையும் பரிசீலித்தார்கள். ஆனால் தசை ஒட்டும் மூட்டுகளில் அல்ல, தலை, கழுத்துப் பக்கம்தான் வெட்டுகள் அதிகம். வெளியூர்க்காரர்கள் என்பதால் அப்படி நடத்தினார்களோ என்றால் அதுவும் இல்லை. பல்லைச் சோதித்ததில் அக்கம்பக்கத்தில் வளர்ந்தவர்கள் என்றே தெரிந்தது. பேய்க்குப் பயந்தவர்கள் நம் ஊரில் மட்டும் இல்லை.

மழையிலும் தோண்டுவீர்களா அக்கா?
– ஜெ.வி., விருதுநகர்

தோண்டுவோம். மழை விட்ட அரை மணி நேரத்தில் மண்ணின் நிறங்கள் பளிச்சென்று பிரியும். வெயில் காலத்தில் அதற்காகவே தண்ணீர் தெளிப்போம்.

இதற்கெல்லாம் பணம் அரசாங்கம் தருகிறதா?
– பி.ஆர்., சேலம்

பெரும்பாலும் இல்லை. 1989-இல் லண்டனில் அலுவலகக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் போடப் போன இடத்தில் ஷேக்ஸ்பியர் காலத்து ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் வெளிவந்தது. நடிகர்களும் பொதுமக்களும் கூடி மறித்தார்கள். இந்த மாதிரிச் சண்டைகளுக்குப் பிறகு 1990-இல் ஒரு வழிகாட்டுதல் வந்தது: கட்டடம் கட்டுகிறவர், கீழே என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும், இருந்தால் அதைப் பதிவு செய்யும் செலவும் அவருடையது. எங்களைப் போன்ற நிறுவனங்கள் பிழைப்பது இதில்தான்.

இதில் ஒரு உறுத்தல் உண்டு. செலவு செய்கிறவருக்கு நாங்கள் ஒன்றும் கண்டுபிடிக்காமல் இருந்தால் சந்தோஷம். குழிக்குப் பக்கத்திலேயே பொக்லைன் ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆனாலும் இந்த ஏற்பாடு வந்த பிறகு, யாரும் எதிர்பாராத இடங்களில், வெறும் வயல் என்று நினைத்த இடங்களில், இரும்புக்காலப் பண்ணைவீடுகள் வரிசையாக வெளிவந்திருக்கின்றன. பல்கலைக்கழகம் மட்டும் தேர்ந்தெடுத்துத் தோண்டியிருந்தால் அங்கெல்லாம் போயிருக்கவே மாட்டார்கள்.

நீங்கள் பார்க்க ஆசைப்பட்டு, வேலை செய்யக் கிடைக்காத இடம்?
– லதா, மதுரை

யோசிக்காமல் சொல்வேன்: மஸ்ட் ஃபார்ம். பீட்டர்பரோ பக்கம், செங்கலுக்கு மண் எடுக்கும் பள்ளத்தில் இருக்கிறது. சுமார் கி.மு. 850-இல் சின்ன ஆற்றின் மேல் கால் ஊன்றிக் கட்டிய வட்ட வீடுகள். மரங்கள் அப்போதுதான் வெட்டிய பச்சை மரங்கள், பூச்சி அரித்த தடம் இல்லை. அதை வைத்துப் பார்த்தால் குடிவந்து ஓராண்டுகூட ஆகவில்லை. தீப்பிடித்தது. வீடுகள் அப்படியே ஆற்றில் விழுந்தன. சேற்றுக்குள் காற்று புகாததால் மரமும் நூலும் மக்கவில்லை.

2015-16-இல் கேம்பிரிட்ஜ் குழு தோண்டியபோது ஒவ்வொரு வீட்டின் சாமானும் அந்த வீட்டுக்குக் கீழேயே கிடந்தது. எந்த மூலையில் சமைத்தார்கள், எங்கே நெய்தார்கள், ஆட்டுக்குட்டியை எந்தப் பக்கம் கட்டினார்கள் என்பது வரை சொல்ல முடிந்தது. ஒரு சட்டியில் மாவுக் கூழ், அதற்குள்ளேயே துடுப்பு. சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். அந்தக் குட்டிகள் மூன்று முதல் ஆறு மாத வயதுடையவை, ஆகவே தீ பிடித்தது கோடையின் கடைசியாகவோ இலையுதிர்காலத் தொடக்கமாகவோ இருக்க வேண்டும். ஆண்டைத் துல்லியமாகச் சொல்ல முடியாத ஒரு ஊருக்குப் பருவத்தைச் சொல்ல முடிகிறது! அங்கே வாழ்ந்தவர்களின் மலத்தில் மீனிலிருந்து வரும் குடற்புழு முட்டைகள் இருந்தன, மீனைச் சரியாக வேகவைக்கவில்லை போலிருக்கிறது. கண்ணாடி மணிகள் சில ஈரான் வட்டாரத்திலிருந்து வந்தவை.

தங்கக் கிரீடத்தைவிட இந்தச் சட்டியும் துடுப்பும் எனக்குப் பெரிது. இதை எங்கள் களத்தில் சொன்னால் பாதிப்பேர் ஒத்துக்கொள்வார்கள், பாதிப்பேர் கிரீடத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்பார்கள்.

பிரிட்டனில் தமிழர் தடயம் ஏதாவது கிடைத்ததா?
– தமிழ்ப்பற்றாளர், கரூர்

ஆள் கிடைக்கவில்லை, மிளகு கிடைத்தது, அதுவும் கணக்கில்தான். வடக்கே, ரோமானியர் கட்டிய ஹாட்ரியன் எல்லைச்சுவருக்குப் பக்கத்தில் விண்டோலாண்டா என்ற ரோமானியப் படைமுகாம். 1973-இல் ராபின் பெர்லி அங்கே ஈரச் சேற்றிலிருந்து மெல்லிய மரச்சீவல்களை எடுத்தார். மையால் எழுதிய கடிதங்கள், கணக்குகள். கி.பி. 100-ஐ ஒட்டி ஒரு அதிகாரியின் மனைவி இன்னொருத்திக்குப் பிறந்தநாள் அழைப்பு அனுப்பியதும் பிற்பாடு அங்கே கிடைத்தவற்றில் உண்டு. ஒரு கணக்கில் கம்பாக்ஸ் என்ற படைவீரன் பெயரில் மிளகு, இரண்டு தினாரி (ரோமானிய வெள்ளிக்காசு) என்று எழுதியிருக்கிறது. அன்று மிளகு போனது மேற்குக்கரையிலிருந்து, சேரநாட்டு முசிறி போன்ற துறைகள் வழியாக. கொடி முளைத்தது மலைச்சாரலில், நுகர்ந்தது பனிமூட்டத்தில் நின்ற சிப்பாய். நடுவே எத்தனை கை மாறியதோ. ஹாக்ஸ்ன் புதையலிலும் வெள்ளி மிளகுச்சிமிழ்கள் இருந்தன. இதை வைத்துத் தமிழர் கப்பல் தேம்ஸ் நதிக்கு வந்தது என்று வாட்ஸாப்பில் அனுப்பாதீர்கள், கோவிச்சுக்குவேன்.

தொல்லியல் படிக்கிறேன். அங்கே வந்து தோண்ட வாய்ப்பு உண்டா? என்ன தயாரிப்பு வேண்டும்?
– முதுகலை மாணவர், தஞ்சாவூர்

நம்ம ஊர்ப் பிள்ளை, வா! விண்டோலாண்டாவில் ஆண்டுதோறும் தன்னார்வலர்களைச் சேர்க்கிறார்கள், கட்டணம் உண்டு. பல்கலைக்கழகங்கள் நடத்தும் களப்பள்ளிகளும் இருக்கின்றன. ரீடிங் பல்கலைக்கழகம் சில்செஸ்டர் ரோமானிய நகரத்தில் 1997 முதல் 2014 வரை ஒரே மூலையை ஒவ்வொரு கோடையிலும் தோண்டி ஏராளமான மாணவர்களைப் பழக்கியது.

தயாரிப்பு என்றால், வருவதற்குள் வரையக் கற்றுக்கொள். கேமராவும் டிரோனும் வந்துவிட்டன, ஆனாலும் குழியின் வெட்டுமுகத்தைப் பென்சிலால் வரையும்போதுதான் இரண்டு மண்ணுக்கு நடுவே கோடு எங்கே என்று முடிவு செய்தாக வேண்டியிருக்கும். தொட்டுப் பார், உருட்டிப் பார், களிமண்ணா வண்டலா மணலா என்று கையால் சொல்லப் பழகு. டெல்டாக்காரனுக்கு அது கஷ்டமில்லை. முழங்காலுக்கு மெத்தை, நீர் புகாத பேன்ட் கட்டாயம். கரண்டி இங்கே வந்து வாங்கு: டபிள்யூ.எச்.எஸ். என்ற கம்பெனியின் நான்கு அங்குலக் கரண்டி, கொத்தனார் கரண்டிதான். கைப்பிடியில் உன் பெயரைச் செதுக்கிவிடு. டீ குடித்துவிட்டு வருவதற்குள் கை மாறிவிடும், எல்லாருடையதும் ஒரே மாதிரி இருக்கும்.