அப்பா இன்சுலினை மறுக்கிறார், கண் அறுவைக்கு மட்டும் எப்படிச் சம்மதித்தார்?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. சர்க்கரை நோய் வந்து 12 ஆண்டுகள் ஆகின்றன. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்ற இரண்டு சர்க்கரை மாத்திரைகளையும் முழு அளவில் சாப்பிடுகிறார். போன மாதம் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 10.4. பாதம் எரிகிறது என்கிறார். மருத்துவர் இன்சுலின் போடச் சொல்லிவிட்டார். "மிருகத்திலிருந்து எடுக்கிற மருந்து, என் மதம் ஒப்பாது" என்று அப்பா பிடிவாதமாக இருக்கிறார். விரத நாட்களில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு பகல் முழுக்கப் பட்டினி கிடக்கிறார். இதே அப்பா கண்புரை அறுவை செய்துகொண்டார். ஆஞ்சியோகிராம் எடுக்கச் சொன்னபோது மறுபேச்சு பேசவில்லை. "விரதம் நோயைத் தீர்க்கும் என்று நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள்" என்று எனக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறார். இப்போது என் தங்கையின் 10 மாதக் குழந்தைக்குத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியும் வேண்டாம் என்கிறார். இவர் அறிவியலை நம்புகிறாரா, இல்லையா? இவரிடம் எப்படித்தான் பேசுவது?

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிளிமிபிரைடைப் போட்டுக்கொண்டு பட்டினி இருப்பது ஆபத்து. அந்த மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிற்றில் ஒன்றும் இல்லாதபோது சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். சராசரி இவ்வளவு அதிகமாக இருக்கும் ஒருவருக்கு லோ சுகர் எப்படி வரும் என்று நினைக்காதீர்கள். சில மணி நேரத்தில் வரலாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு, பேச்சில் குழப்பம் இதெல்லாம் அதன் அறிகுறிகள். அடுத்த விரதத்துக்கு முன் மாத்திரையின் அளவையும் நேரத்தையும் அவருடைய மருத்துவரிடம் கட்டாயம் கேட்டு மாற்ற வேண்டும். அவராகவே நிறுத்துவதும் கூடாது.

ஹெச்பிஏ1சி 10.4 என்றால் கடந்த 3 மாதங்களாக அவருடைய ரத்தச் சர்க்கரை சராசரியாக 250 மில்லிகிராமை ஒட்டி இருந்திருக்கிறது. பாத எரிச்சல் பெரும்பாலும் நரம்பு பாதிப்பின் தொடக்கம். 12 ஆண்டுகளில் இன்சுலின் சுரக்கும் செல்கள் நிறையவே ஓய்ந்துபோயிருக்கும். தூண்டுவதற்குப் போதிய செல்கள் இல்லாதபோது மாத்திரையைக் கூட்டி என்ன பயன்? பிரிட்டனில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அதில் ஹெச்பிஏ1சி 1 சதவீதம் குறைந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற இடங்களில் நுண்ணிய ரத்தக்குழாய்களின் பாதிப்பும் 37 சதவீதம் குறைவாக இருந்தது. உங்கள் மருத்துவர் இன்சுலின் சொன்னது சரியான முடிவு.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அப்பா அறிவியலை நம்பாதவர் என்று எனக்குத் தோன்றவில்லை. கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைக்கவும், இதயக் குழாய்க்குள் சாயத்தைச் செலுத்திப் படம் எடுக்கவும் உடம்பைக் கொடுத்தவர் அவர். அறிவியலை மொத்தமாக ஏற்பவரும் மொத்தமாகத் தள்ளுபவரும் என் அனுபவத்தில் மிகவும் அரிது. பக்தியுள்ளவர்கள் பெரும்பாலும் பத்தில் ஒன்பதைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே ஒரு இடத்தில் நின்றுவிடுகிறார்கள். அந்த ஒன்று எங்கே தொடுகிறது என்று பார்க்க வேண்டும். உடம்புக்குள் போகும் பொருள், உயிரின் தொடக்கம், ரத்தம், பட்டினி, பிறப்பு, சாவு. ஒருவருக்கு அவர் யார் என்று மதம் சொல்லும் இடங்கள் இவை. கண்புரை அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் அங்கே சண்டையும் இல்லை.

பரிணாமத்தை ஏற்காத ஒருவர் ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால்தான் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை அந்த ஊசியில் எந்த வகைகளைச் சேர்ப்பது என்று முடிவு செய்கிறது. அது பரிணாமம்தான். ஆனால் ஊசி போடும்போது யாரும் அவரிடம் மனிதன் எங்கிருந்து வந்தான் என்று கேட்பதில்லை. அவரும் சட்டையின் கையை மடித்துக் காட்டுகிறார்.

மதம் ஒரு பக்கம், மருத்துவம் மறு பக்கம் என்று கோடு கிழிக்க முடியாது என்பதற்கு 1721இல் பாஸ்டனில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பெரியம்மை ஊரையே வாரிக்கொண்டு போனபோது, அம்மைக் கொப்புளத்தின் சீழைத் தோலில் லேசாகக் கீறிச் செலுத்திப் பாதுகாக்கும் முறையைத் தூக்கிப் பிடித்தவர் காட்டன் மாதர் என்ற கிறிஸ்தவப் போதகர். அந்த முறையை அவருக்குச் சொன்னவர் ஒனேசிமஸ், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு அடிமையாக வைக்கப்பட்டிருந்தவர். கடுமையாக எதிர்த்தவர் வில்லியம் டக்ளஸ், படித்துப் பட்டம் வாங்கிய மருத்துவர். இயற்கையாக அம்மை வந்தவர்களில் சுமார் 14 சதவீதம் பேர் இறந்தார்கள். கீறிக்கொண்டவர்களில் 2 சதவீதத்தை ஒட்டித்தான். கடவுள் தந்த நோயைத் தடுப்பது பாவம் என்ற வாதமும் அன்று எழுந்தது, கடவுள் தந்த அறிவைப் பயன்படுத்தாமல் விடுவதுதான் பாவம் என்ற பதிலும் எழுந்தது. இரண்டும் பக்தர்களின் வாயிலிருந்தே வந்தன.

பிரசவ வலிக்கு 1847இல் ஜேம்ஸ் சிம்சன் குளோரோஃபார்ம் கொடுத்தபோதும் அப்படித்தான். "வேதனையோடு பிள்ளை பெறுவாய்" என்று பைபிளில் இருக்கிறதே என்றார்கள். ஆதாமின் விலா எலும்பை எடுக்கும் முன் கடவுள் அவனுக்கு ஆழ்ந்த உறக்கம் வரச் செய்தாரே என்று அதே நூலிலிருந்து சிம்சன் எடுத்துக்காட்டினார். வெளியிலிருந்து போன வாதங்களைவிட உள்ளிருந்து வந்த இதுபோன்ற வாதம்தான் பக்தியுள்ளவரின் மனதில் போய் உட்காரும். இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன். உங்கள் அப்பாவிடம் நீங்கள் அறிவியலுக்காக வக்கீலாகப் போனால் அவர் மதத்துக்காக வக்கீலாகிவிடுவார்.

சரி, அவர் சொல்லும் காரணத்தையே எடுத்துக்கொள்வோம். இன்சுலின் மிருகத்திலிருந்து வருகிறது என்பது ஒரு காலத்தில் முழு உண்மை. 1922இல் டொரன்டோவில் லியனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குப் போட்ட முதல் இன்சுலின் மாட்டின் கணையத்திலிருந்து எடுத்தது. பிறகு பல பத்தாண்டுகள் மாடு, பன்றி இரண்டிலிருந்தும் எடுத்தார்கள். 1982இல் நிலைமை மாறியது. மனித இன்சுலினுக்கான மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து, அதைக்கொண்டே இன்சுலினைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். இன்று பெரும்பாலான இன்சுலின்கள் இப்படிப் பாக்டீரியாவிலோ ஈஸ்ட்டிலோ உருவாகின்றவை. அப்பாவின் தகவல் பழையது. அவருடைய மனசாட்சியில் குறை எதுவும் இல்லை. இந்த வேறுபாட்டை அவரிடம் பேசும்போது மறக்காதீர்கள். மருந்துக்கடையில் பெட்டியை வாங்கி அவர் கையிலேயே கொடுங்கள். 'ரீகாம்பினன்ட்' அல்லது 'ஆர்-டிஎன்ஏ' என்று அச்சிட்டிருக்கும், இப்படி மரபணுவை வைத்துத் தயாரித்தது என்று பொருள். அவரே படிக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அது எனக்கு முக்கியம். மிருகத்திலிருந்து வரும் மருந்து என்று எதுவுமே இல்லை என்று அவரிடம் அளந்துவிடாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெபரின் பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது. பல கேப்சூல்களின் உறை ஜெலட்டின். சில இதய வால்வுகள் பன்றி, மாடு இவற்றின் திசு. இதை மறைத்து மருந்து கொடுத்துவிட்டு, பின்னால் அவருக்குத் தெரிந்தால் அவர் இழக்கும் நம்பிக்கை அந்த ஒரு மருந்தோடு நிற்காது. கேட்டால் மாற்று பல இடங்களில் கிடைக்கும்: தாவர உறை கேப்சூல்கள் இருக்கின்றன, உலோக வால்வு இருக்கிறது. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1945 முதல் ரத்தம் ஏற்றிக்கொள்வதில்லை. ஆனால் அறுவைக்கு வருகிறார்கள். அவர்களுக்காக ரத்த இழப்பைக் குறைத்து அறுவை செய்யக் கற்றுக்கொண்ட நுட்பங்கள் இன்று எல்லா நோயாளிகளுக்கும் உதவுகின்றன. ஒருவர் எதை மறுக்கிறார் என்பதைத் துல்லியமாகத் தெரிந்துகொண்டால் மருத்துவத்தில் வழி பிறப்பது உண்டு.

ஆனால் அப்பா சொல்லும் காரணம்தான் உண்மையான காரணமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. இன்சுலின் என்றதும் பலருக்கு நோய் முற்றிவிட்டது, இனி கடைசிக் கட்டம் என்ற பயம் வருகிறது. ஊசி போட ஆரம்பித்த தெரிந்தவர் ஒருவருக்குக் காலை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருப்பார். அந்தக் கால் போனது இன்சுலினைத் தாமதமாகத் தொடங்கியதால் இருக்கலாம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆண்களுக்கு "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று பிள்ளைகளிடம் சொல்வதைவிட "என் மதம் ஒப்பாது" என்று சொல்வது எளிது. மதத்தைச் சொன்னால் எதிர்க்கேள்வி வராது அல்லவா?

2003இல் நைஜீரியாவின் கானோ மாநிலத்தில் போலியோ சொட்டு மருந்தை நிறுத்தியபோது, மலட்டுத்தன்மை வரும் என்று மதத் தலைவர்கள் சொன்னார்கள். உலகம் அதை மதவெறி என்று எழுதியது. ஆனால் 1996இல் அதே ஊரில் மூளைக்காய்ச்சல் பரவியபோது வெளிநாட்டு நிறுவனம் ஒன்று குழந்தைகள்மேல் மருந்தைச் சோதித்த விவகாரம் அங்கே ஆறாத புண்ணாக இருந்தது. கடைசியில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவில் தயாரான சொட்டு மருந்து என்றதும் 2004இல் ஏற்றுக்கொண்டார்கள். மாறியது மருந்து வந்த இடம் மட்டும். அதற்குள் வைரஸ் பல நாடுகளுக்குப் பரவிவிட்டது.

அதனால் அப்பாவிடம் வாதத்தைத் தொடங்கும் முன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "மிருகத்திலிருந்து வரவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் போட்டுக்கொள்வீர்களா அப்பா?" ஆம் என்றால் பெட்டி போதும். தயங்கினால் பயம் வேறெங்கோ இருக்கிறது. ஊசி எவ்வளவு மெலிது என்று காட்டுங்கள், இரவில் ஒரே ஒரு ஊசியோடு தொடங்கலாம் என்று சொல்லுங்கள், மருத்துவரே ஒரு முறை அவர் முன்னால் போட்டுக்காட்டட்டும். அவர் மதிக்கும் மத குரு யாராவது இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போய் மருத்துவரிடம் உட்கார வையுங்கள். வாட்ஸ்அப்பில் விவாதிக்காதீர்கள். எடை வேகமாகக் குறைந்தால், தாகமும் சிறுநீரும் அதிகமானால், வாந்தி வந்தால் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை, உடனே மருத்துவமனை.

அந்த நோபல் செய்தி பற்றியும் ஒரு வார்த்தை. 2016இல் யோஷினோரி ஓசுமிக்குப் பரிசு கிடைத்தது உண்மை. பட்டினியாக இருக்கும் செல் தன் சொந்தப் பாகங்களையே உடைத்து மறுபடி பயன்படுத்தும் ஆட்டோஃபேஜி என்ற செயல் எப்படி நடக்கிறது என்பதை அவர் ஈஸ்ட் செல்களைக்கொண்டு கண்டறிந்தார். விரதம் சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று அவர் காட்டவில்லை. விரதத்தின் மதிப்பு அப்பாவுக்கு அந்தப் பரிசிலிருந்தா வருகிறது? அவர் அதைப் பரிசுக்கு முன்பும் இருந்தார், கடவுளுக்காக இருந்தார். அவர் நம்பிக்கையை நான் மதிக்கிறேன், அதனால்தான் அதற்குப் பொருந்தாத ஆய்வு முத்திரையை அதன் மேல் குத்துவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அறிவியலை மறுப்பதைவிட, வேண்டிய வரியை மட்டும் அதிலிருந்து பிய்த்துக்கொள்வது நோயாளிக்கு அதிகக் கெடுதல் செய்கிறது. மறுப்பவர் குறைந்தபட்சம் என்னிடம் சொல்லிவிட்டு மறுக்கிறார். வரியைப் பிய்த்துக்கொள்பவரோ மருந்தைக் குறைத்துக்கொண்டு அந்த வரியே சிகிச்சை என்று நம்புகிறார்.

விரதம் இருக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அப்பாவின் இப்போதைய சர்க்கரை அளவில் சில மாதங்கள் தள்ளிப்போடச் சொல்வேன். நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு குர்ஆனிலேயே இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் உபவாசக் கடமை 59 வயதோடு முடிகிறது. உயிருக்கு ஆபத்து என்றால் யோம் கிப்பூர் நோன்பையும் விடச் சொல்கிறது யூத மரபு. பிறகு விரதம் இருக்கும்போது பகலில் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும். 70க்குக் கீழே போனாலும் 300க்கு மேலே போனாலும் அந்த நிமிடமே விரதத்தை முடித்துவிட வேண்டும்.

குழந்தை விஷயத்தில் என் நிலை வேறு. 61 வயதுக்காரர் தன் உடம்பைப் பற்றி எடுக்கும் முடிவை, மனம் ஒப்பாவிட்டாலும், நான் ஏற்றுக்கொள்வேன். 10 மாதக் குழந்தையின் சார்பாக அதே முடிவை எடுக்க அவருக்கு உரிமை இல்லை. தட்டம்மை வந்த ஒருவரால், தடுப்பாற்றல் இல்லாத 12 முதல் 18 பேருக்கு நோய் பரவலாம். மதத் தலைமைகள் இந்த ஊசியைப் பற்றி யோசிக்காமல் இல்லை. ரூபெல்லா ஊசியின் செல்கள் 1960களில் கலைக்கப்பட்ட கருவிலிருந்து வந்தவை என்ற சிக்கலை வாடிகனின் உயிர் பேணும் அகாதெமி 2005இல் ஆராய்ந்தது. மாற்று ஊசி இல்லாதவரை குழந்தைகளைக் காக்க இதைப் போடலாம் என்றது. இந்தோனேசியாவின் உலமா சபை 2018இல் தட்டம்மை-ரூபெல்லா ஊசியில் பன்றி சார்ந்த பொருள் கலந்திருப்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, தேவை கருதிப் போட்டுக்கொள்ள அனுமதித்தது. அப்பாவின் தயக்கம் எது என்று கேளுங்கள், பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். ஆனால் அவருடைய சம்மதத்துக்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். தங்கையை இந்த வாரமே குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.