நீச்சல் தெரியாமல் கடல் ஆராய்ச்சிக்குப் போகலாமா?

கேள்வி: விலங்கியல் பட்டப்படிப்பு முடிக்கப் போகிறேன். கடல் சூழலியலில், அதிலும் கரையோர உயிர்கள் பற்றி ஆராய்ச்சி செய்ய ஆசை. நீச்சல் தெரியாது, கணக்கும் சுமார்தான். டால்பின், திமிங்கலம் என்று போக முடியுமா? இதை நம்பிப் பிழைக்கலாமா?
- ஒரு வாசகி

பதில்: நீச்சலை நினைத்துப் பயப்படாதீர்கள், கற்றுக்கொண்டால் போயிற்று. ஸ்கூபா, அதாவது காற்று உருளை மாட்டிக்கொண்டு மூழ்கும் பயிற்சி, ஆழத்தில் உள்ள பவளப்பாறைகளுக்குப் போகிறவர்களுக்குத்தான் அவசியம். அலையாத்திக் காடு, சேற்றுக்கரை, பாறைக்கரை என்றால் முக்கால்வாசி வேலை முழங்கால் அளவு தண்ணீரில் முடிந்துவிடும்.

ஆனால் கணக்கை விடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன். கடல் வற்றும் நேரத்தில் பாறைக்குப் போய், அரை மீட்டர் சதுரச் சட்டம் ஒன்றை வைத்து, அதற்குள் இருக்கும் கொட்டலசு (பாறையில் ஒட்டி வாழும் ஓட்டுயிர்), மட்டி, நத்தை எல்லாவற்றையும் குனிந்தபடியே எண்ண வேண்டும். நனைந்தாலும் கிழியாத தாளில் பென்சிலால் குறித்துக்கொள்வோம், பேனா மை கரைந்துவிடும். சட்டத்தை எங்கே வைப்பது என்பதுதான் சிக்கல். நம் கை நம்மை அறியாமலே உயிர்கள் நிறைய ஒட்டியிருக்கும் இடத்துக்குப் போய்விடும், அப்படி எண்ணினால் கரை முழுக்க செழிப்பாக இருப்பதாகப் பொய்க்கணக்கு வந்துவிடும். அதனால் இடத்தைக் குலுக்கல் எண்கள்தான் முடிவு செய்யும். புள்ளியியல் அங்கேயே, கால் நனையும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஆர் (R), பைத்தான் (Python) என்ற கணினி நிரல்மொழிகள் இரண்டில் ஒன்றை இப்போதே பழகுங்கள்.

அப்புறம், ஓதம், அதாவது கடல் ஏறி வற்றுவது, நமக்காகக் காத்திருக்காது. வற்றும் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், இன்று விடியற்காலை என்றால் அடுத்த வாரம் உச்சிவெயில்.

இப்படி எண்ணி என்ன ஆகும் என்று தோன்றலாம். ராபர்ட் பெய்ன் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் 1963-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பாறைக்கரையில் ஒரு பகுதியிலிருந்து மட்டும் நட்சத்திர மீன்களைப் பெயர்த்து கடலில் வீசினார், வர வர வீசிக்கொண்டே இருந்தார். தின்ன ஆள் இல்லாமல் போனதும் மட்டிகள் பெருகி மற்றவற்றைப் பாறையை விட்டே நெருக்கித் தள்ளின, 15 வகை உயிரினங்கள் இருந்த இடத்தில் 8 தான் மிஞ்சின. ஒரே ஒரு இனம் ஒரு கரையையே தாங்கி நிற்கலாம் என்று உலகத்துக்குத் தெரிந்தது அந்த எண்ணிக்கையால்தான். படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

டால்பின், திமிங்கலம் ஆசை தப்பில்லை. ஆனால் அந்தப் பக்கம் இடங்கள் குறைவு, போட்டி அதிகம், கடலில் நாள்கணக்காகத் தேடியும் ஒன்றைக்கூடப் பார்க்காமல் திரும்ப நேரும். கடற்புல், சேற்றுப்புழு, நண்டு என்று யாரும் ஆசைப்படாத உயிரிலிருந்து தொடங்குங்கள், கேட்கப்படாத கேள்விகள் அங்கேதான் அதிகம்.

பிழைப்பு விஷயத்தை மறைக்க விரும்பவில்லை. முனைவர் பட்டத்துக்குப் பிறகும் இரண்டு மூன்று வருட ஒப்பந்தங்களில்தான் பலரும் ஓடுகிறார்கள், நிதி முடிந்தால் வேலையும் முடிந்துவிடும், நிரந்தர இடத்துக்குள் நுழைவதற்குள் வயது முப்பதைத் தாண்டிவிடும். இதை வீட்டிலும் இப்போதே சொல்லிவிடுங்கள். பேராசிரியர் வேலை மட்டுமே வழி என்று நினைக்க வேண்டாம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, மீன்வள நிர்வாகம், செயற்கைக்கோள் படங்களை வைத்து அலையாத்திப் பரப்பை அளக்கும் வேலை, பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி மேலாண்மை என்று பல இடங்களில் இதே படிப்புக்குத் தேவை இருக்கிறது. சிலவற்றுக்கு முதுகலையே போதும்.

சரி, இப்போது என்ன செய்வது? போக முடிகிற ஒரு கரையில் ஒரே இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஆறு மாதம், மாதம் ஒருமுறை வற்றும் நேரத்தில், துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் எண்ணுங்கள். ஒவ்வொரு சட்டத்தையும் படம் எடுத்துத் தேதி, நேரத்தோடு அட்டவணையாகப் போடுங்கள். பிறகு ஒரு ஆய்வாளருக்குக் கடிதம் எழுதும்போது, கடல் மீது எனக்கு ஆர்வம் என்று ஆரம்பிக்காமல் அந்த அட்டவணையை இணைத்து, அதில் உங்களுக்குப் புரியாத ஒரு விஷயத்தைக் கேளுங்கள்.