நோஸ்ஃபெராட்டு: எந்தப் பிரதியைப் பார்ப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மன் இயக்குநர் முர்னாவின் ‘நோஸ்ஃபெராட்டு’ என்ற மௌனப் படத்தைத் தேடியபோது மூன்று விதமான பிரதிகள் கிடைத்தன. ஒன்று, கறுப்பு வெள்ளையில் ஒரு மணி நேரத்திற்குச் சற்று அதிகமாக ஓடும் பழைய டிவிடி. இரண்டாவது, 94 நிமிடம் ஓடும் ப்ளூ-ரே. அதில் காட்சிகள் நீலமாகவும் மஞ்சளாகவும் மாறி மாறி வருகின்றன. மூன்றாவது, கணினியின் துணையால் வினாடிக்கு 60 சட்டகங்களாக (frames) மாற்றப்பட்டு, கீறல் ஒன்றுகூட இல்லாமல் துடைக்கப்பட்ட இணையப் பிரதி. நிறம் பின்னாளில் யாரோ சேர்த்ததாக இருக்கும், கறுப்பு வெள்ளையே அசலுக்கு நேர்மையானது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கண்ணுக்குத் தெளிவாக இருப்பது மூன்றாவதுதான். எதைத் தேர்ந்தெடுப்பது?

கே.

*

அன்புள்ள கே.,

இரண்டாவதை வாங்குங்கள். அசலுக்கு எது நேர்மையாக இருக்கிறது என்று நீங்கள் வைத்த அளவுகோல் சரியானது. ஆனால் அந்த அளவுகோலால் அளந்தால் முதலில் விலக்க வேண்டியது கறுப்பு வெள்ளைப் பிரதியைத்தான்.

1922 மார்ச்சில் பெர்லினில் இந்தப் படம் திரையிடப்பட்ட காலத்தில், மௌனப் படங்களின் திரைப்பிரதிகளைப் பகுதி பகுதியாகச் சாயத்தில் தோய்த்தெடுப்பது வழக்கமான தொழில்முறையாக இருந்தது. விளக்கொளி, இரவு, விடியல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சாயம் உண்டு. பிற்காலத்தில், எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள்களிலிருந்து பாதுகாப்பான சுருள்களுக்குப் பழைய படங்களை நகலெடுத்தவர்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைச் சுருளிலேயே நகலெடுத்தார்கள். உருவம் நகலுக்கு வந்தது, சாயம் வரவில்லை. ஆகவே நீங்கள் அசல் என்று கருதும் கறுப்பு வெள்ளை, நகலெடுப்பில் நேர்ந்த ஓர் இழப்பு.

மற்ற மௌனப் படங்களைவிட இந்தப் படத்துக்கு அந்த இழப்பு கொடியது. அன்றைய ஃபிலிமின் ஒளியுணர்வு குறைவு என்பதால், திறந்த வெளியில் நிகழும் இரவுக் காட்சிகளைப் பகல் வெளிச்சத்தில் எடுத்து, பிரதியில் நீலச் சாயம் ஏற்றி இரவாக்கினார்கள். இந்தக் கதையின் ஆதார விதியோ, சூரிய ஒளி பட்டால் இரத்தக் காட்டேரி அழிந்துவிடும் என்பது. இந்தப் படத்துக்கு மூலமான, பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவலில்கூட அப்படியொரு விதி கிடையாது. அங்கே டிராகுலா பகலில் நடமாடுகிறான், கடைசியில் கத்திகளால்தான் கொல்லப்படுகிறான். வெயில் கொல்லும் என்பது இந்தப் படம் தானே ஏற்படுத்திக்கொண்ட விதி. நீலத்தை நீக்கிவிட்டால், தன் விதியைத் தானே காட்சிக்குக் காட்சி மீறும் படமாக அது தெரியத் தொடங்குகிறது.

நானும் இந்தப் படத்தை முதலில் பார்த்தது வெளிறிப்போன கறுப்பு வெள்ளை நகல் ஒன்றில்தான். படத்தின் இரத்தக் காட்டேரியான ஓர்லோக் பிரபு தன் சவப்பெட்டியைக் கையில் ஏந்தியபடி விஸ்போர்க் நகரத்திற்குள் நடந்து செல்லும் காட்சியில், சுவர்களின் மேல் வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. இயக்குநரின் கவனக்குறைவு என்று அதை நெடுநாள் நம்பியிருந்தேன், பிறரிடம் அப்படிச் சொல்லியும் இருக்கிறேன். பல ஆண்டுகள் கழித்து, சாயமேற்றிய பிரதியில் அதே நகரம் நீலத்தில் மூழ்கிக் கிடப்பதைக் கண்டபோது, அறியாமல் ஒரு கலைஞன்மேல் பழி சுமத்தியிருக்கிறேன் என்று வருந்தினேன். உங்களுக்கு இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு அந்த வருத்தமும் ஒரு காரணம்.

அடுத்தது வேகம். பேசும்படம் வந்த பிறகுதான் வினாடிக்கு 24 சட்டகங்கள் என்பது நிலைபெற்றது. அதற்கு முன் கைப்பிடியைச் சுழற்றிப் படம்பிடித்த காலத்தில் வேகம் அதைவிடக் குறைவு. உங்கள் 94 நிமிடப் பிரதி வினாடிக்கு 18 சட்டகங்கள் என்ற கணக்கில் ஓடுகிறது. அதையே 24 சட்டகங்களாக ஓட்டினால் ஏறக்குறைய 70 நிமிடத்தில் முடிந்துவிடும். முதல் பிரதி குறுகியிருப்பதற்கு இது காரணமாக இருக்கலாம், காட்சிகள் வெட்டுப்பட்டதும் சேர்ந்திருக்கலாம். மௌனப் படம் என்றாலே ஆட்கள் துள்ளித் துள்ளி நடப்பார்கள் என்ற எண்ணம் இத்தகைய தவறான ஓட்டத்தால் விளைந்ததுதான். இங்கே அது இன்னொரு கேட்டையும் செய்கிறது. ஓர்லோக்கின் கோட்டைக்குப் போகும் இளைஞன் ஹுட்டரை ஏற்றிச் செல்லும் வண்டி காட்டுக்குள் வெறிபிடித்தாற்போல் விரைவதும், கோட்டை முற்றத்தில் ஓர்லோக் தன் பெட்டிகளை மின்னல் வேகத்தில் அடுக்குவதும் முர்னாவ் வேண்டுமென்றே விரைவுபடுத்திய காட்சிகள். மனிதர்கள் இயல்பாக நடக்கும் உலகில் இது மட்டும் பிசகிய வேகத்தில் இயங்குகிறது என்பதில்தான் அச்சம் இருக்கிறது; எல்லோருமே அப்படி ஓடினால் அந்த வேறுபாடு கண்ணில் படவே படாது.

ஒரே படத்துக்கு இத்தனை வடிவங்கள் ஏன் என்ற கேள்வி உங்கள் கடிதத்தில் இல்லாவிட்டாலும் அதைத் தொடாமல் செல்ல முடியவில்லை. நாவலுக்குரிய உரிமையைப் பெறாமலேயே பிரானா நிறுவனம் இந்தப் படத்தை எடுத்தது. ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளாரன்ஸ் தொடுத்த வழக்கின் முடிவில், 1925-இல், பிரதிகள் அனைத்தையும் அழிக்கவேண்டும் என்று ஜெர்மன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் வெளிநாடுகளுக்குப் போய்விட்ட பிரதிகளால்தான் படம் உயிர் பிழைத்தது. பிழைத்தவை ஒன்றுபோல் இல்லை. அமெரிக்காவில் புழங்கிய வடிவத்தில், காட்சிகளுக்கு இடையே வரும் வசன அட்டைகளை மாற்றி ஓர்லோக்கை டிராகுலா என்றும், ஹுட்டரின் மனைவி எல்லெனை நீனா என்றும், விஸ்போர்க்கை பிரெமன் என்றும் ஆக்கிவிட்டார்கள். மலிவான டிவிடிகளில் பல அந்த வழியில் வந்தவை.

2005–06 காலத்தில் முர்னாவ் அறக்கட்டளைக்காக லூசியானோ பெரியதுவா செய்த மீட்டெடுப்பு, பாரிஸின் சினிமாதெக் ஃப்ரான்செஸ் திரைப்படக் காப்பகத்தில் இருந்த, 1922-ஐச் சேர்ந்த சாயமேற்றிய பிரெஞ்சுப் பிரதி ஒன்றை அடிப்படையாகக் கொண்டது. அதில் இல்லாத காட்சிகளை வேறு பிரதிகளிலிருந்து எடுத்துச் சேர்த்தார்கள். உங்கள் இரண்டாவது பிரதி அந்த மீட்டெடுப்பாகவே இருக்கவேண்டும். அதிலும் கீறல்கள் உண்டு, ஒட்டுப்போட்ட இடங்களில் படத்தின் தரம் சட்டென்று மாறுவதும் தெரியும். நூறாண்டு கண்ட ஒரு பொருளின் வடுக்கள் என்று அவற்றை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இசையைப் பற்றி நான் பிடிவாதம் பிடிக்கமாட்டேன். அந்த பெர்லின் திரையிடலுக்கு ஹான்ஸ் எர்ட்மான் எழுதிய இசையில் பெரும்பகுதி தொலைந்துவிட்டது. அவர் தொகுத்து வெளியிட்ட பகுதிகளைக் கொண்டு பெர்ண்ட் ஹெல்லர் மறுபடி கட்டியெழுப்பியதையே இந்த மீட்டெடுப்புடன் கேட்கிறோம். 1958-ஆம் ஆண்டு டிராகுலா படத்துக்கு இசையமைத்த ஜேம்ஸ் பெர்னார்ட் 1990-களில் இதற்கென எழுதிய இசையுடன் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் வெளியிட்ட வட்டும் உண்டு. எர்ட்மானின் இசை ஒரு பழங்கதையைச் சொல்வதுபோல் மிருதுவாகத் தொடங்குகிறது. பெர்னார்டின் இசை தொடக்கத்திலேயே நெஞ்சை அழுத்துகிறது. முதல் முறைக்கு எர்ட்மானைக் கேளுங்கள்.

உங்கள் கண்ணைக் கவர்ந்த மூன்றாவது பிரதிக்கு வருகிறேன். 18 சட்டகங்களை 60 ஆக்கவேண்டுமானால், இடைப்பட்டவற்றைக் கணினி தானே வரைந்து நிரப்பவேண்டும். அதாவது, நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி கேமரா பார்க்காதது. துடைத்தெடுக்கும்போது ஃபிலிமின் மணித்தன்மையோடு (grain) தோலின் சுருக்கமும் துணியின் இழையும் மழுங்கிவிடுகின்றன. ஓர்லோக்காக நடித்த மாக்ஸ் ஷ்ரெக்கின் முகம் மெழுகுப் பொம்மையின் முகமாகிறது. கப்பலின் அடித்தளத்தில் ஓர்லோக் சவப்பெட்டியிலிருந்து விறைத்த உடலோடு மரப்பலகைபோல் நிமிரும் காட்சியை அந்தப் பிரதியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்; அசைவு வழுக்கிக்கொண்டு போகும், உடலின் கனம் தெரியாது. தெளிவு என்று உங்களுக்குத் தோன்றியது விவரம் அழிக்கப்பட்டதன் வழவழப்பு.

வாங்குமுன் உறையில் ஓடும் நேரம் 94 நிமிடம் அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். வட்டின் மண்டலக் குறியீடு (region code) உங்கள் கருவியோடு ஒத்துப்போகவேண்டும். ஜெர்மன் வசன அட்டைகளும் சப்டைட்டிலும் உள்ள வட்டு கிடைத்தால் நல்லது, ஏனென்றால் அந்த அட்டைகளின் எழுத்து வடிவங்களும் படத்தின் ஒரு பகுதி. வட்டு கைக்கு வந்ததும் சவப்பெட்டியோடு ஓர்லோக் நடந்து வரும் அந்த இடத்துக்கு நேராகச் செல்லுங்கள். நகரம் நீலமாக இருந்தால், தொடக்கத்துக்குத் திரும்பி வந்து படத்தைப் பார்க்கலாம்.

அன்புடன்