ஆசிலோஸ்கோப்பில் (வோல்ட் மாறுவதைத் திரையில் அலையாகக் காட்டும் கருவி) ஆட்டோசெட் பொத்தானை அழுத்தினாலே போதாதா? கையால் செட் பண்ணவும் கற்க வேண்டுமா?

கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள் தம்பி. காரைக்குடியில் இன்வெர்ட்டர், யுபிஎஸ் போர்டுகள் சர்வீஸ் செய்கிறேன். ஆட்டோசெட்டை நானும் தினமும் அழுத்துகிறேன். ஆனால் பழுது பிடிபடுவது பெரும்பாலும் அதற்குப் பிறகு கையால் வைக்கும் செட்டிங்கில்தான்.

அந்தப் பொத்தான் சிக்னலின் உயரத்தையும் அதிர்வெண்ணையும் அளந்து, திரையின் ஒரு கட்டத்துக்கு எத்தனை வோல்ட், எவ்வளவு நேரம் என்று முடிவுசெய்து, டிரிகரையும், அதாவது சிக்னல் எந்த அளவைத் தொடும்போது படம் பிடிக்க வேண்டும் என்பதையும், வைத்துவிடும். விடாமல் திரும்பத் திரும்ப வரும் அலைக்கு அருமையான வசதி.

12 வோல்ட் டிசி சப்ளையில் 50 மில்லிவோல்ட் ரிப்பிளை, அதாவது டிசி மேல் ஏறி நிற்கும் சிறு அலையை, பார்க்க வேண்டுமா? ஆட்டோசெட் 12 வோல்ட்டைத் திரைக்குள் கொண்டுவரப் பார்க்கும், ரிப்பிள் வெறும் கோடாகிவிடும். டிசியைத் தடுத்து அலையை மட்டும் உள்ளே விட, கப்ளிங்கை ஏசிக்கு மாற்றி, கட்டத்துக்கு 20 மில்லிவோல்ட் வையுங்கள். டிரான்ஸ்ஃபார்மரும், ஏசியை டிசியாக்கும் நாலு டையோடு பிரிட்ஜும் உள்ள சப்ளையில் 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் வரவேண்டும்; 50 ஹெர்ட்ஸ் வந்தால் முதலில் டையோடுகளைச் சோதியுங்கள்.

இதைவிட முக்கியமானது ஒரே தடவை நடக்கும் விஷயம். கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளிலிருந்து, "கரண்ட் போனதும் கம்ப்யூட்டர் அணைஞ்சிடுது" என்று யுபிஎஸ் வரும். மெயின்ஸிலிருந்து பேட்டரிக்கு மாறும் சில மில்லிசெகண்ட் இடைவெளியை ஆட்டோசெட்டால் பிடிக்க முடியாது. அது தேடி முடிப்பதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். யுபிஎஸ் அவுட்புட்டை முதல் சேனலிலும், மாற்றிவிடும் ஸ்விட்சான ரிலேயின் காயில் 12 வோல்ட்டை இரண்டாம் சேனலிலும் கொடுத்து, அந்த ரிலே வோல்ட்டையே டிரிகர் ஆக்கி, லெவலை 6 வோல்ட்டில் வையுங்கள். நேரம் கட்டத்துக்கு 5 மில்லிசெகண்ட். ஒரே தடவை பிடித்து நிறுத்தும் சிங்கிள் பொத்தானை அழுத்திவிட்டு மெயின்ஸை அணையுங்கள். அவுட்புட் எவ்வளவு நேரம் செத்துக் கிடந்தது என்று முதல் சேனலில் அப்படியே நிற்கும்.

அந்த அவுட்புட்டை டிஃபரன்ஷியல் ப்ரோப் (எர்த்தைத் தொடாமல் இரண்டு முனைகளுக்கு இடையே அளக்கும் ப்ரோப்) வைத்துத்தான் பார்க்க வேண்டும். சாதாரண ப்ரோப்பின் கிரவுண்ட் கிளிப், மேசை ஸ்கோப்புகளில் எர்த்தோடு சேர்ந்தது. அதை லைனில் மாட்டினால் நேரடி ஷார்ட். ரிலே பக்கமும் மெயின்ஸோடு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் கிளிப்பைத் தொடாதீர்கள். இந்த ஆபத்தை எந்த ஆட்டோசெட்டும் சொல்லாது. ப்ரோப்பில் 10எக்ஸ் (சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் நிலை) போட்டு ஸ்கோப்பில் 1எக்ஸ் இருந்தால், அளவு பத்தில் ஒரு பங்காகக் காட்டும். பல ஸ்கோப்புகளில் அதையும் நாம்தான் கவனிக்க வேண்டும்.

பழக, ஸ்கோப்பின் முகப்பிலேயே ப்ரோப் சரிசெய்ய ஒரு சதுர அலை முனை இருக்கும், பெரும்பாலும் 1 கிலோஹெர்ட்ஸ். முதலில் கையாலேயே அந்த அலையைத் திரையில் ஓடாமல் நிற்கவையுங்கள், பிறகு ஆட்டோசெட் அழுத்தி அது என்னென்ன மாற்றியது என்று பாருங்கள்.