கணினி கேள்வி–பதில்: எட்டு எழுத்தோடு நின்றுவிடும் கடவுச்சொல்

கேள்வி: அலுவலகத்தில் டேலி ஓடும் கணினியை வீட்டிலிருந்து விஎன்சி (தொலைவிலுள்ள கணினியின் திரையைப் பார்த்து இயக்கும் மென்பொருள்) வழியாக இயக்குகிறேன். கடவுச்சொல் 14 எழுத்து. ஒருநாள் கடைசி இரண்டு எழுத்தை மாற்றி அடித்தும் உள்ளே விட்டுவிட்டது. மென்பொருள் கெட்டுவிட்டதா?
– வாசகர், திருப்பூர்

பதில்: கெடவில்லை; விஎன்சியின் பிறவிக்குணம் அது. நீங்கள் இணைந்ததும் சர்வர் 16 பைட் தற்செயல் தரவை அனுப்பும். உங்கள் பக்கத்து வியூவர், கடவுச்சொல்லையே சாவியாக்கி, டெஸ் என்ற பழைய மறையாக்க முறையில் அந்தத் தரவை மறையாக்கம் செய்து திருப்பி அனுப்பும். சர்வரும் அதையே செய்து ஒப்பிட்டுப் பார்க்கும். டெஸ் சாவியில் 8 பைட்டுக்கு மேல் இடமில்லை. ஒன்பதாவது எழுத்து முதல் எல்லாம் வெட்டப்பட்டுவிடும், பெரும்பாலும் சத்தமே இல்லாமல். நிறுவனத்தின் பெயரை முன்னால் போட்டு, எண்களையும் குறிகளையும் பின்னால் ஒட்டுவது நம்மவர் வழக்கம். அப்படி வைத்திருந்தால் உங்கள் ரகசியம் கடை போர்டில் எழுதியிருக்கும் பெயர்தான்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. பழைய விஎன்சி முறையில் கடவுச்சொல் சோதனை முடிந்த பிறகு திரையும் விசைத்தட்டலும் மறையாக்கம் இல்லாமலே போகின்றன. ஆகவே நல்ல எட்டு எழுத்தைத் தேடுவதோடு நிறுத்தாமல், விஎன்சியை எஸ்எஸ்ஹெச் சுரங்கத்துக்குள், அதாவது இரு கணினிகளுக்கிடையே மறையாக்கப்பட்ட இணைப்புக்குள், போட்டுவிடுங்கள். விஎன்சி மென்பொருள்களில் நீங்கள் பயன்படுத்துவது டைட்விஎன்சி என்று வைத்துக்கொண்டு வழி சொல்கிறேன்.

அலுவலகக் கணினியில் விண்டோஸின் விருப்ப வசதிகளிலிருந்து ஓபன்எஸ்எஸ்ஹெச் சர்வரை நிறுவி, சர்வீசஸ் பட்டியலில் அதைத் தானாகத் தொடங்கும்படி மாற்றுங்கள். டைட்விஎன்சி சர்வர் அமைப்பில் ஆக்சஸ் கண்ட்ரோல் பக்கத்தில் லூப்பேக் இணைப்புகளை (அதே கணினிக்குள்ளிருந்து வருபவை) அனுமதிக்கும் கட்டத்தையும், லூப்பேக் மட்டும் என்ற கட்டத்தையும் தேர்ந்தெடுங்கள். முதலாவதை விட்டுவிட்டால் சுரங்கம் வழியே வரும் இணைப்பையும் சர்வர் மறுத்துவிடும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். வீட்டுக் கணினியில் புட்டி என்ற எஸ்எஸ்ஹெச் மென்பொருளின் டனல்ஸ் பக்கத்தில் மூல போர்ட் (இணைப்பு நுழையும் வாசல் எண்) 5901, சேருமிடம் 127.0.0.1:5900 (5900 விஎன்சியின் வழக்கமான போர்ட்) என்று கொடுத்து ஆட் பொத்தானை அழுத்துங்கள். புட்டியில் உள்நுழைந்தபின் வியூவரில் 127.0.0.1::5901 என்று அடியுங்கள். இரட்டை முக்காற்புள்ளிக்குப் பின் வருவது போர்ட் எண்.

ரவுட்டரில் 5900-க்குத் திறந்த வழியை மறக்காமல் மூடுங்கள். எஸ்எஸ்ஹெச்சில் கடவுச்சொல் நுழைவை நிறுத்தி, சாவிக் கோப்பு மட்டும் போதும் என்று வையுங்கள். இல்லாவிட்டால் ஊகித்துப் பார்ப்பவர்கள் அந்த வாசலுக்கு வருவார்கள். உங்களுடையது நிர்வாகிக் கணக்கு என்றால், பொதுச் சாவியை (சாவி இணையில் சர்வரில் வைக்க வேண்டிய பாதி) பயனர் கோப்புறையில் வைத்தால் விண்டோஸ் கண்டுகொள்ளாது. புரோகிராம்டேட்டாவுக்குள் இருக்கும் எஸ்எஸ்ஹெச் கோப்புறையில், நிர்வாகிகளுக்கென உள்ள தனிக் கோப்பில் சேர்க்க வேண்டும்.

கேள்வி: ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) விஎன்சி கடவுச்சொல் ஏதோ குறியீடாகத்தான் தெரிகிறது. அது பாதுகாப்புதானே?
– வாசகர், கோவை

பதில்: இல்லை. மேலே சொன்ன சோதனையைச் செய்ய சர்வருக்கும் உண்மையான கடவுச்சொல் தெரிந்திருக்க வேண்டும். அதனால் திருப்ப முடியாத ஹாஷாக அதைச் சேமிக்க வழியில்லை. மாறாத ஒரே சாவியால் டெஸ் செய்து வைக்கிறார்கள். அந்தச் சாவி திறமூல நிரலிலேயே கிடக்கிறது. ரெஜிஸ்ட்ரியையோ, அல்ட்ராவிஎன்சி என்ற இன்னொரு விஎன்சி மென்பொருளின் அமைப்புக் கோப்பையோ படிக்க முடிந்த எவரும் நொடியில் எடுத்துவிடலாம். பார்வைக்கு மட்டுமான கடவுச்சொல்லுக்கும் இதே கதி. பழைய கணினியை விற்கும்போதும் பேக்கப்பை யாருக்காவது கொடுக்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். விஎன்சி கடவுச்சொல்லை வேறெங்கும் பயன்படுத்தவே கூடாது.

கேள்வி: விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் போர்ட்டை 3389-இலிருந்து மாற்றினால் போதுமா?
– வாசகர், மதுரை

பதில்: போதாது. தானாகத் தட்டிப் பார்க்கும் முயற்சிகளின் இரைச்சல் குறையும், அவ்வளவுதான். எல்லா போர்ட்டையும் துழாவும் நிரல்கள் கண்டுபிடித்துவிடும். ஈவண்ட் வியூவரின் செக்யூரிட்டி பதிவில் 4625 என்ற எண்ணைத் தேடுங்கள், தோற்ற நுழைவு முயற்சிகள் தெரியும். லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் 10 தவறுக்கு 10 நிமிடப் பூட்டு என்று வையுங்கள். விண்டோஸ் 11-இன் 22ஹெச்2 பதிப்பு முதல் புதிதாக நிறுவும்போது இதுவே இயல்புநிலை. பழைய நிறுவல்களில் 0, அதாவது பூட்டே கிடையாது. ஆனால் போர்ட்டை இணையத்தில் திறந்தே வைத்தால், வெளியாள் தட்டத் தட்ட நீங்களே பூட்டப்பட்டு வெளியே நிற்பீர்கள். விபிஎன்னுக்குள் (இணையத்தின் வழியே போகும் மறையாக்கப்பட்ட தனி வலை) வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற உள்ளமைந்த கணக்குக்கும் பூட்டு விழ, அதே பக்கத்தில் தனியாக ஒரு அமைப்பு உண்டு. 2022 அக்டோபர் அப்டேட்டுக்குப் பிறகே அது தெரியும்.